நூறு வரை சொல்கிறான், ஆறு ஸ்பூன் எடுத்துவரத் தெரியவில்லை

மழலையர் வகுப்புக் கணக்கு பற்றி வந்த கடிதங்களுக்கு, எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளோடு வெகுகாலம் இருந்த மந்தைவெளி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், என் மகனுக்கு நாலரை வயது. எல்கேஜி. ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவான். ஆனால் 'ஆறு ஸ்பூன் எடுத்துட்டு வா' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறான். கவனக்குறைவா? வேறு ஏதாவது பிரச்சினையா?
— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பிரச்சினை எதுவும் இல்லை, அம்மா. பயப்படாதீர்கள். நூறு வரை சொல்வது அவனுக்கு ஒரு பாட்டு. அதை நன்றாகப் பாடுகிறான், பாடட்டும். எண்ணுவது வேறு வேலை. எண்ணும்போது குழந்தை மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்கிறது. எண்களின் பெயரை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம் என்பது புரிய வேண்டும். இந்த மூன்றாவதுதான் மெதுவாக வரும். உங்கள் மகனுக்கு முதலாவது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் ஏழு புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி அவனை எண்ணச் சொல்லுங்கள். வாயை விட்டுவிட்டு அவன் ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். வாய் 'அஞ்சு' சொல்லும்போது விரல் நாலாவது கொட்டையிலேயே நிற்கும். இல்லையென்றால் ஒரே கொட்டையை இரண்டு முறை தொடும், ஓரத்தில் கிடப்பதைத் தாண்டிப் போகும். எண்ணி முடித்ததும் 'மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மறுபடி 'ஒண்ணு, ரெண்டு' என்று ஆரம்பித்தால், 'எத்தனை' என்ற கேள்வியே 'எண்ணிக்காட்டு' என்றுதான் அவன் காதில் விழுகிறது என்று அர்த்தம். என் வகுப்பில் எல்கேஜி பிள்ளைகளில் பலர் இப்படித்தான் வருவார்கள்.

இதற்கு மருந்து, தொட்டு எண்ணுவதை விட்டு நகர்த்தி எண்ணுவது. ஒரு எவர்சில்வர் கிண்ணம் வையுங்கள். ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே எண்ணட்டும். கொட்டை விழும் சத்தத்துக்கு ஒரு எண். சத்தம் வந்தால்தான் அடுத்த எண். விரலும் வாயும் அந்தச் சத்தத்தில்தான் சேர்ந்துகொள்ளும். முடிந்ததும் நீங்களே கிண்ணத்தைக் காட்டி, 'ஏழு. இதுல ஏழு இருக்கு' என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். நாலைந்து நாள் நீங்கள் சொன்னால், பிறகு அவனே சொல்வான்.

அடுத்தது 'எடுத்துக் கொடு' விளையாட்டு. ஆறு இப்போதைக்குப் பெரிய எண். மூன்றில் ஆரம்பியுங்கள். மூன்று தட்டு, தட்டுக்கு ஒரு இட்லி, தட்டுக்கு ஒரு தம்ளர். சாப்பாட்டு நேரத்தில் இதை அவன் பொறுப்பாகவே விட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தம்ளர் குறைந்தால் அவனுக்கே தெரியும், யாரும் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டு முட்டை வரும் பிளாஸ்டிக் டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்துக் குழி இரண்டை வெட்டிவிட்டால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை கிடைக்கும். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். ஏழு பட்டன் போட்டால் ஒரு வரிசை நிரம்பி, அடுத்ததில் இரண்டு நிற்கும். இன்னும் மூன்று குழி காலி என்பதும் கண்ணுக்குத் தெரியும். பத்தை ஐந்தும் ஐந்துமாகப் பார்க்கப் பழகிய கண், ஒன்றாம் வகுப்பில் கூட்டல் வரும்போது விரல் மடக்கி எண்ணித் திணறாது.

ஒரு எச்சரிக்கை. குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் விஷம். கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை, பட்டன் எதுவானாலும் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கொட்டைக்குப் பதில் ஸ்பூன், தம்ளர், துணி கிளிப் என்று பெரிய பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் மகளைத் திருவான்மியூரில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போய், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறேன். உட்கார்ந்து விளையாட நேரமே இல்லை. யுகேஜி படிக்கிறாள்.
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பறக்கும் ரயிலில்தானே போகிறீர்கள்? அதுவே உங்கள் வகுப்பறை. திருமயிலையில் ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், திருவான்மியூர். ஆறாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் இடது மணிக்கட்டில் ஆறு ரப்பர் பேண்டைத் தளர்வாக மாட்டிவிடுங்கள், இறுக்கமாக வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஒன்றைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொள்ளட்டும். 'எத்தனை போச்சு? இன்னும் எத்தனை இருக்கு?' இந்த இரண்டே கேள்வி போதும். கோட்டூர்புரத்தில் இரண்டு கையிலும் மூன்று மூன்று இருப்பதை அவளே ஒருநாள் கண்டுபிடித்துச் சொல்வாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இரவில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். துணி மடிக்கும்போது சாக்ஸை ஜோடி சேர்க்கட்டும். பூ வாங்கினால், பூக்காரம்மா முழம் போட்டதையே அவள் கையாலும் முழம் போட்டுப் பார்க்கட்டும். அம்மா கையில் இரண்டு முழம், தன் கையில் அதைவிட அதிகமாக வருகிறதே, ஏன் என்று யோசிக்கட்டும். அளக்கும் கை சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்பது, ஸ்கேலைக் கையில் பிடிக்கும் முன்னே தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை அரிசி களையும்போது ஆழாக்கால் அளந்து போட அவளை விடுங்கள். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை.

பேரனுக்கு ஐந்து வயது. வீட்டில் பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம் எல்லாம் இருக்கிறது. இதனால் கணக்கு வரும் என்று நான் சொல்கிறேன். மருமகள் ஒர்க்‌ஷீட்தான் வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

ஐயா, உங்கள் பக்கம்தான் நான். மருமகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், சண்டைக்காக இல்லை, அவரும் சேர்ந்து ஆடுவதற்காக.

அமெரிக்காவில் 2008-இல் சீக்லர், ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய கட்டங்கள் ஒரே வரிசையில். அதில் காய் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சில வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் கால் மணி நேரம். எண்ணுவது, எண்ணைப் பார்த்துச் சொல்வது, எது பெரியது என்று சொல்வது எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே ஆட்டத்தை எண் இல்லாமல் வெறும் நிறக் கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஆகவே முதலில் மொட்டை மாடியில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போடுங்கள். பேரனே காயாக நடக்கட்டும். ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மூன்றாம் கட்டத்தில் நின்று இரண்டு விழுந்தால், 'ஒண்ணு, ரெண்டு' என்று நடக்கக் கூடாது. கட்டத்தின் எண்ணைச் சொல்லி 'நாலு, அஞ்சு' என்று நடக்க வேண்டும். பலன் கிடைப்பதே இதில்தான். இது பழகிய பிறகு பரமபதம். பாம்பு கடித்தால் அழுவான், அதற்கும் தாத்தா மடி இருக்கிறது.

தாயக்கட்டை இரண்டு வருடம் பெட்டியிலேயே இருக்கட்டும். இரண்டு கட்டையிலும் புள்ளியே இல்லாவிட்டால் பன்னிரண்டு என்பது ஐந்து வயதில் குழப்பும். அதற்குப் பதில், தாயம் ஆடப் புளியங்கொட்டையைத் தேய்ப்பார்களே, அதைச் செய்யுங்கள். ஐந்து கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமென்ட் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வையுங்கள். தேய்த்த சூட்டோடு தோலில் வைக்க வேண்டாம், நன்றாகவே சுடும். உங்களுக்கு அந்த விளையாட்டு நினைவிருக்கும். ஆறியதும் பேரன் குலுக்கிப் போடட்டும். இரண்டு வெள்ளை, மூன்று பழுப்பு. அடுத்த முறை நாலு வெள்ளை, ஒன்று பழுப்பு. சில நாள் ஆடியபின் பழுப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வெள்ளையை மட்டும் காட்டி, 'கைக்குள்ள எத்தனை?' என்று கேளுங்கள். ஐந்துக்குள் எத்தனை எத்தனை ஒளிந்திருக்கிறது என்பது கைக்கு வந்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில் வருகின்றன. இதைச் சொல்லித்தர இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

பல்லாங்குழியில் பதினாலு குழியும் வேண்டாம். ஒரு பக்கத்து ஏழு குழி போதும், குழிக்கு மூன்று சோழி. எடுத்ததை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், குழியைத் தாண்டக் கூடாது, ஒரு குழியில் இரண்டு போடக் கூடாது. முதல் கேள்விக்குச் சொன்ன 'ஒரு பொருளுக்கு ஒரு பெயர்' இங்கே விரலிலேயே பழகிவிடுகிறது.

என் மகள் 3, 5, 7 எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறாள். பள்ளியில் தினமும் 1 முதல் 100 வரை எழுதிவரச் சொல்கிறார்கள். நோட்டைத் திறந்தாலே அழுகை. ஐந்து வயது ஆகிறது.
— ஒரு வாசகி, அம்பத்தூர்

அந்த அழுகையைப் படிக்கும்போதே எனக்கு மனது கேட்கவில்லை. எண்ணைத் திருப்பி எழுதுவது ஐந்து வயதில் சர்வசாதாரணம். ஆறு, ஏழு வயதுவரை பல பிள்ளைகள் செய்வார்கள், தானாகச் சரியாகும். ஏழு தாண்டியும் மாறவில்லை என்றால் அப்போது யாரிடமாவது காட்டலாம்.

நூறு எண் எழுதுவதில் கை வலிக்கிறதே தவிரக் கணக்கு வளர்வதில்லை. வகுப்பு ஆசிரியையைத் தனியாகப் பார்த்து, 'பத்து எண் எழுதட்டும், மீதிக்குப் பத்துப் பத்தாகப் பொருள் எண்ணிக் கொண்டுவரட்டும்' என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஆசிரியைகள் நிறையப் பேர். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வீட்டில் அழ வைத்து எழுத வைக்காதீர்கள்.

விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி விரல் பிடித்து எழுத வைத்தோமே, அந்தத் தட்டை ஒரே நாளோடு ஏன் ஓரம் கட்டினோம்? தினமும் எடுங்கள். தப்பாகப் போட்டால் தட்டை ஆட்டினால் போதும், அடித்த கோடு, அழித்த கறை எதுவும் மிஞ்சாது. மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எண்ணை வெட்டி ஒட்டி, குழந்தை அதை விரலால் தடவிப் பழக வைத்தார். எழுதும் திசை விரலுக்குப் பழகிவிட்டால் பென்சிலுக்கும் வரும் என்பதுதான் அதன் சூட்சுமம். 1939-இல் அவர் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சொரசொரப்புக் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். 3-ஐயும் 5-ஐயும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம், ஒன்று நிலைத்த பிறகு மற்றது.

நாலு வயது மகனை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? அபார்ட்மென்டில் எல்லோரும் சேர்த்துவிட்டார்கள்.
— ஒரு வாசகர், வேளச்சேரி

இப்போது வேண்டாம். அபாகஸ் சட்டத்தில் ஐந்து மணிகளுக்குப் பதில் ஒரே மணியை நகர்த்தும் கணக்கெல்லாம், ஐந்து என்றால் என்ன என்று கையில் பிடித்துப் பார்த்த பிறகு வரட்டும். அந்த ஃபீஸில் ஒரு பெட்டி மரக்கட்டை வாங்கிக் கொடுங்கள். லிஃப்டில் போகும்போது பட்டனை அவன் அழுத்தட்டும். மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு எத்தனை மாடி ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். பொருள் வாங்கப் பணம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பூஜ்ஜியம் புரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, ராயபுரம்

உங்களைப் போன்றவர்கள் கேட்பதுதான் எனக்கு நிறைவு. ஐஸ் குச்சி நாற்பத்தைந்து, பழைய பிளாஸ்டிக் டப்பா பத்து, இவ்வளவுதான் தேவை. குச்சியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். டப்பாக்களில் 0 முதல் 9 வரை எழுதி வரிசையாக வையுங்கள். எண்ணுக்குத் தக்கபடி பிள்ளை குச்சி போட வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் நாற்பத்தைந்து. எங்கேயாவது தப்பினால் கடைசி டப்பாவுக்குக் குச்சி போதாது, அல்லது மிஞ்சும். 'தப்பு' என்று நீங்கள் சொல்ல வேண்டாம், குச்சியே சொல்லிவிடும். மறுபடி எண்ணிப் பார்க்க அவர்களே உட்கார்ந்துவிடுவார்கள். 0 டப்பாவிலும் முதலில் ஒன்றைப் போடப் பார்ப்பார்கள். டப்பா சும்மா இருப்பது பிள்ளைகளுக்குப் பொறுக்காது. அப்போது விளையாட்டுக்கு மாறுங்கள். 'மூணு தடவை கை தட்டு', 'ரெண்டு தடவை குதி', 'பூஜ்ஜியம் தடவை குதி!' யாராவது குதிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள், அடுத்த முறை அசையாமல் நிற்பார்கள். அந்த நிற்பது வந்ததும் மீண்டும் டப்பாவுக்குப் போங்கள். இரண்டிரண்டு பேராக ஆட விடுங்கள், ஒருவர் போட, மற்றவர் எண்ணிச் சரிபார்க்கட்டும். சிலும்பு நிற்கும் குச்சியை முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.