மூன்றாவது முறை நீட் வேண்டாம், பாப்பா கேட்ட படிப்பைப் பார்ப்போம்

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங், அதுவும் சரிவராவிட்டால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் சீட், செலவுக்கு மனையை விற்றுக்கொள்ளலாம் என்பது பெரியப்பாவின் யோசனை. பெண்ணோ உடற்பயிற்சி அறிவியல் படிக்கிறேன் என்கிறாள். "டிரில் மாஸ்டர் வேலைக்கு எதுக்குங்க மெட்ராஸ் வரைக்கும் போகணும்?" என்று அப்பா கேட்டார். அம்மா அழுதேவிட்டார்.

அம்மா, உங்கள் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனால் "எல்லாம் சரியாகிவிடும், இன்னொரு தடவை எழுதட்டும்" என்று சொல்லி அனுப்ப என்னால் முடியாது. தமிழ்நாட்டின் நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அப்படி நாலரை ஆண்டு கட்டி, பயிற்சி மருத்துவராக ஓராண்டு முடித்து, மேற்படிப்புக்கு மறுபடியும் ஒரு நீட் எழுத வேண்டும். படிக்கப்போகிறவளே வேண்டாம் என்று சொல்லும் ஒரு படிப்புக்காக மனையை விற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியப்பா நல்ல மனசோடுதான் சொல்கிறார். இருந்தாலும் அந்த வகுப்பறையில் ஐந்தாண்டு உட்காரப்போவது அவர் இல்லை.

பேச்சுக்கு நடுவே பாப்பா சொன்ன ஒன்றை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை. பள்ளித் தோழிகளோடு ஏற்காட்டுக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்கியிருக்கிறாள். "ஏறும்போதுதான் சார் மூச்சு முட்டுச்சு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு தொடை வலிச்சது இறங்குனதாலன்னு தோணுது. அது ஏன்?" என்று கேட்டாள். நீட் புத்தகங்களை அவ்வளவு காலம் புரட்டிய பிள்ளையின் முகம் அந்த ஒரு கேள்வியில்தான் மலர்ந்தது.

பாப்பா நினைத்தது சரிதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி உடம்பை மேலே தள்ளுகிறது. அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அதனால் மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இந்த வேலைக்கு மூச்சு அதிகம் செலவாகாது. ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி 24 மணி நேரம் முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இன்னொன்றும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் ஊருக்குள் இருப்பதைவிட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். சரி, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தங்கினால் அதைச் சுமக்கும் ரத்தச் சிவப்பணு கூடும் என்பார்களே, ஏற்காட்டில் தங்கி ஓடினால் கூடுமா? அதற்கு இந்த உயரம் போதாது. அந்த வகைப் பயிற்சிக்கு வழக்கமாக 2,000 மீட்டருக்கு மேல் போவார்கள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மலைப் பயிற்சி மையம் இமாச்சலத்தின் ஷிலாருவில் இருப்பது அதனால்தான். நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல பாப்பா நோட்டில் எழுதிக்கொண்டாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

உடற்பயிற்சி அறிவியல் என்பது இந்தக் கேள்விகளை முறையாகப் படிப்பதுதான். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். பாப்பா நீட்டுக்குப் படித்தது எதுவும் வீணாகாது. அப்புறம் ஆய்வகம். டிரெட்மில்லில் ஒருவரை ஓடவிட்டு, முகமூடி வழியாக அவர் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, அவரால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கண்டுபிடிப்பார்கள். அதன் பெயர் வி.ஓ.2 மேக்ஸ். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடுமையாக உழைக்கும் தசையிலிருந்து வரும் லாக்டேட் என்ற பொருள் எந்த வேகத்தில் ஓடும்போது ரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். சைக்கிளில் 30 விநாடி உயிரைக் கொடுத்து மிதிக்கவைக்கும் விங்கேட் சோதனை உண்டு. தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட், பாதம் தரையை எவ்வளவு விசையோடு உதைக்கிறது என்று சொல்லும். தோல்மடிப்பைக் காலிப்பரால் பிடித்து உடல் கொழுப்பைக் கணக்கிடவும் பழக்குவார்கள். இவ்வளவுக்கும் அடியில் புள்ளியியல் இருக்கிறது. கணக்கு வராத பிள்ளைக்கு இந்தப் படிப்பை நான் சொல்வதில்லை.

நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர் அவர். ஒரு காலின் உந்துதலை வைத்து அவ்வளவு உயரம் எப்படி எழும்ப முடிகிறது என்பது இயக்கவியல் கேள்வி. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021-ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறுபடி பந்து வீச வந்தார். அறுவை முடிந்த வேகப்பந்து வீச்சாளர் யாராக இருந்தாலும் வாரத்துக்கு எத்தனை பந்து, எந்த வேகம், காலில் எவ்வளவு பலம் திரும்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் களத்துக்கு விடுவார்கள். அப்படி எண்ணிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் பாப்பா விளையாட்டுப் பக்கம்தான் போக வேண்டும் என்றில்லை. என்னைக் கேட்டால் மருத்துவமனைப் பக்கத்தையும் நன்றாகப் பார்க்கச் சொல்வேன். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. வேலை செய்யும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எல்லா டாக்டரும் "வாக்கிங் போங்க" என்கிறார்கள். எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து, மூட்டு தேய்ந்தவர் நடக்காமல் வேறு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை. மாரடைப்பு வந்து திரும்பியவரை ஆறு நிமிடம் நடக்கவைத்து, தூரத்தை அளந்து, உடம்பு படும் சிரமத்துக்கு 6 முதல் 20 வரை எண் கொடுக்கும் போர்க் (Borg) அளவுகோலில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு முழுநேர வேலை. பெரிய மருத்துவமனைகளின் இதய மறுவாழ்வுக் குழுக்களில் இப்போது பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகள் இதைச் செய்கிறார்கள். உடற்பயிற்சி அறிவியல் படித்தவர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

இந்த இடத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இது பிசியோதெரபி படிப்பு அல்ல. அடிபட்டவருக்குச் சிகிச்சை கொடுக்கும் உரிமையை இந்தப் பட்டம் தராது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடவும் முடியாது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டுமானால் தனியாக பி.பி.எட். முடிக்க வேண்டும். அப்பா பயந்த டிரில் மாஸ்டர் வேலைக்கே இந்தப் பட்டம் மட்டும் போதாது. விளையாட்டு ஆணையம், அகாடமிகள், அணிகளில் உடலியங்கியலாளர், வலிமைப் பயிற்சியாளர் என்று இடங்கள் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தொடக்கச் சம்பளம் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிற மாதிரி இருக்காது. இளநிலையோடு நிறுத்தினால் ஜிம் டிரெய்னர் வேலையிலேயே தேங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே முதுநிலையையும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாட்டு ஏஜென்ட் யாராவது ஆஸ்திரேலியா என்று ஆரம்பித்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே இது மதிப்பான தொழில் என்பது உண்மை. நாள்பட்ட நோயாளிகள் உடற்பயிற்சி உடலியங்கியலாளரைப் பார்க்க அந்த அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தருகிறது. ஆனால் 2024 மே முதல், மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணம் தனி. இளநிலையை இங்கே முடிக்கட்டும்.

இங்கே என்றால் முதலில் சென்னை அருகே உள்ள மேலக்கோட்டையூர். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. உடற்பயிற்சி உடலியங்கியலுக்கும் உயிரியக்கவியலுக்கும் தனித்துறையே உண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் உங்கள் வருமானத்துக்கு அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியல் மையமும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் அது தனியார். கட்டணத்தை எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் ஆசைப்பட வேண்டாம். கல்விக் கடன் 7.5 லட்சம் வரை வங்கிகள் சொத்தை அடமானம் கேட்பதில்லை. விடுதியையும் சேர்த்து மொத்தச் செலவு அதற்குள் அடங்காவிட்டால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வேலைநாளில் மூன்று பேரும் போய்ப் பாருங்கள். கேள்விகளை பாப்பாவே கேட்கட்டும். ஆக்சிஜன் அளக்கும் கருவி இப்போது ஓடுகிறதா, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? இளநிலை மாணவர்கள் எந்த ஆண்டில் அதைத் தொடுகிறார்கள்? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனை, எந்த அகாடமிக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம்? போன வருஷம் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்பதைவிட, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டு மாணவிகளிடம் கேட்கச் சொல்லுங்கள்.