பழைய டீசல் பிக்அப்புக்கு எந்த எரிபொருள் மீட்டர் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் 2009ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 டீசல் பிக்அப் உள்ளது. லாசா பக்கத்திலுள்ள எங்கள் நிலத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது இழுவை குறைகிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது. டீசலை உயர் அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்பும் ஹை பிரஷர் பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். 0 முதல் 30 பிஎஸ்ஐ வரை காட்டும் எரிபொருள் அழுத்த மீட்டர் இணையக் கடையில் விற்பனைக்கு உள்ளது. அதைப் பொருத்தினால் கோளாறு எங்கே என்று தெரியுமா?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அந்த மீட்டரில் கோளாறு தெரியாது ஐயா. அதை வாங்க வேண்டாம். அது அமெரிக்கப் பிக்அப்களில் பெயர் பெற்ற கருவி. 1998 முதல் 2002 வரை வந்த, 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின் பொருத்திய டோட்ஜ் ராம் வண்டிகளில், ஒரு சிறிய மின்சாரப் பம்ப் ஏறத்தாழ 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டீசலைப் பெரிய பம்புக்குத் தள்ளிவிடும். பெரிய பம்பைக் குளிர்விப்பதும் உராய்வின்றி ஓடச் செய்வதும் அந்த டீசல்தான் என்பதால், சிறிய பம்ப் சோர்ந்தால் விலை மிகுந்த பெரிய பம்பும் கெட்டுவிடும். அங்கே அந்த மீட்டர் அவசியமானது.

உங்கள் ஹைலக்ஸில் அப்படித் தள்ளிவிடும் பம்ப் கிடையாது. ஹை பிரஷர் பம்புக்குள் இருக்கும் சிறு பகுதியே, டாங்கியிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே இருப்பது உறிஞ்சு விசை. 30 பிஎஸ்ஐ மீட்டரை அங்கே மாட்டினால் வண்டி நன்றாக ஓடினாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். அதைக் கண்டு பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் பல ஆயிரம் ரிங்கிட் செலவழிக்க நேர்ந்தால், அது பெரும் அநியாயம். மீட்டர் வேண்டுமென்றால், உறிஞ்சு விசையை அளக்கும் வேக்குவம் மீட்டர் வாங்குங்கள். புதிய ஃபில்டர் போட்ட அன்றே, சுமையோடு மேடு ஏறும்போது அது காட்டும் அளவை எழுதி வையுங்கள். பின்னாளில் ஒப்பிடுவதற்கு அதுவே உங்கள் வண்டிக்குரிய சரியான அளவுகோல்.

முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது; 2019இல் அந்தக் கலப்பு 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உங்கள் நிலத்துக் குலைகளைப் போன்றவற்றின் எண்ணெயே உங்கள் டாங்கிக்கும் வருகிறது. பயோடீசல் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். பழைய டாங்கியில் படிந்த கசடையும் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

வேக்குவம் பழைய அளவைவிட ஏறியிருந்தால் ஃபில்டரிலோ, டாங்கியின் உறிஞ்சு குழாயிலோ, நசுங்கிய ஹோஸிலோ அடைப்பு உண்டு. அளவு இறங்கி, இடையில் பொருத்திப் பார்க்கும் தெளிவான ஹோஸில் குமிழ்கள் தெரிந்தால், எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கமாதலால் அந்த வெடிப்பிலிருந்து டீசல் சொட்டாமலே போகலாம். அதனாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை. ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உறிஞ்சும் பக்கம் சரியாக இருந்தால், ஃபோர்மேனிடம் ஸ்கேனரில் காமன் ரெயில் (ஹை பிரஷர் பம்பிலிருந்து வரும் டீசலை இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியின் கணினி கேட்கும் அழுத்தமும் உண்மையில் இருக்கும் அழுத்தமும் மேடு ஏறும்போது ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. ஒத்துப்போகாவிட்டாலும் உடனே பம்பைக் குற்றம் சொல்லக் கூடாது. பம்பின் மேல் இருக்கும் எஸ்சிவி என்ற கட்டுப்பாட்டு வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி ஓடும் டீசலையும் அளந்து பார்க்க வேண்டும். இவற்றின் அளவுகளைத் தாளில் எழுதித் தராத ஒர்க்‌ஷாப்பில் பம்பை மாற்ற நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை.

டீசல் குழாயை கேபினுக்குள் கொண்டுவராத, சென்சாரும் மின்கம்பியும் கொண்ட மீட்டரே பாதுகாப்பானது. இணைப்புகள் பித்தளையாக இல்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். செம்பும் துத்தநாகமும் பயோடீசலை விரைவில் கெடுக்கும். ரெயில் பக்கத்தில் மட்டும் எவரும் கைவைக்கக் கூடாது: சுமையின்போது அங்கே அழுத்தம் ஆயிரம் பார் என்ற அளவைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: எல்லா டீசல் வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற மீட்டர் பொருந்தவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: விற்கும் பொருள் விளக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் ஏற்கும். விற்பனைப் பக்கத்தின் படம், உரையாடல், ரசீது ஆகியவற்றை இன்றே சேமித்து வையுங்கள். விற்றவர் அந்த விளக்கத்தை நாளை மாற்றிவிடலாம்.