இ.எஸ்.ஆர் இறங்கவில்லை, மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. குளிர்காய்ச்சல், விலா வலியோடு சிறுநீர்த் தொற்று வந்தது. அப்போது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் சி.ஆர்.பி 96, இ.எஸ்.ஆர் 70. டாக்டர் எழுதிய ஏழு நாள் ஆன்டிபயாடிக் முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார். சி.ஆர்.பி 8-க்கு வந்துவிட்டது, இ.எஸ்.ஆர் மட்டும் 58. மீதி இருக்கும் மாத்திரையை இன்னும் ஒரு வாரம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இ.எஸ்.ஆருக்காக மட்டும் ஆன்டிபயாடிக்கை நீட்டிக்கக் கூடாது.

சி.ஆர்.பி கல்லீரலில் உருவாகும் புரதம். அழற்சி அடங்கியதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 96 இருந்தது 8 ஆனதே மருந்து வேலை செய்ததற்கு நல்ல அடையாளம். இ.எஸ்.ஆர் அப்படியல்ல. குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்பதுதான் அது. தொற்று போன பிறகும் வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கும். வயது, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு எல்லாமே அதை ஏற்றும். புரோகால்சிட்டோனின் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு. கிருமி ரத்தத்தில் பரவியதோ என்ற சந்தேகத்தில், வார்டில் படுத்திருப்பவர்களுக்குப் பார்ப்பது. அம்மாவுக்கு இப்போது தேவையில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள்: எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ரத்தத்தில் இருக்கும் இந்த அளவுகள் எதுவும் சொல்லாது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் நீர்க்கடுப்பில் சி.ஆர்.பி நார்மலாகவே இருக்கலாம். அதைப் பார்த்து 'தொற்று இல்லை' என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பதில் சொல்வது, சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரை லேப் தரும் டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வெயிலில் பஸ்ஸில் கடலூர் வரை கொண்டுபோனால் கிருமி டப்பாவுக்குள்ளேயே பெருகி, ரிப்போர்ட் பொய்யாகிவிடும். ஐஸ் பையில் வைத்துக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் லேபிலேயே பிடித்துக் கொடுங்கள்.

தொந்தரவு எதுவும் இல்லாததால் இப்போது மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சும்மாவே தங்கியிருக்கலாம். அதைக் கண்டு மருந்து கொடுத்தால் அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகலாம். அதற்குப் பதில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சர்க்கரையும் ஒருமுறை பாருங்கள். இ.எஸ்.ஆரை ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் போதும். அப்போதும் இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

மறுபடி குளிர் நடுக்கம், வாந்தி, சிறுநீர் குறைவது, பேச்சில் குழப்பம் தெரிந்தால் லேப் பக்கம் போகாதீர்கள். நேராகக் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், ராத்திரியானாலும்.