கியானு என்ற பெயரின் உண்மையான பொருள் என்ன? எங்கிருந்து வந்தது? குழந்தைக்கு வைக்கலாமா?

பிறக்கப்போகும் குழந்தை பையனாக இருந்தால் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸைப் போலக் கியானு என்று பெயர் வைக்க ஆசைப்படுவதாகவும், பெயர்ப் பட்டியல் தளங்கள் எல்லாம் ஒரே குரலில் 'மலைகளின் மேல் வீசும் குளிர்ந்த தென்றல்' என்று பொருள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது சரிதானா என்பது உங்கள் கேள்வி.

பாதிதான் சரி. கியானு ஹவாய் மொழிப் பெயர். நேரடிப் பொருள் 'குளிர்ச்சி'. தென்றலும் மலையும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

ஹொனலூலுவில் வேலை பார்த்த காலத்தில் ஹவாய் மொழி மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆரம்பப் பாடங்களிலேயே இந்தப் பெயர் பிரிந்து கைக்கு வந்துவிடும். 'கெ' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொல், ஆங்கிலத்தில் 'தி' போடுகிறார்களே அதே வேலை. 'அனு' என்றால் குளிர், குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்தால் கெ அனு, அதாவது கியானு. அந்தச் சிறு சொல்லுக்கு 'கா' என்று இன்னொரு வடிவமும் உண்டு. பின்னால் வரும் சொல் க, எ, அ, ஒ ஒலிகளில் தொடங்கினால் பெரும்பாலும் 'கெ', மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 'கா'. இது தெரிந்துவிட்டால் ஹவாய்ப் பெயர்களில் பாதி நமக்குத் திறந்துகொள்ளும். கெயலோஹா என்றால் அன்பு, கெயோலா என்றால் உயிர், கெகோவா என்றால் வீரன், கெயாஹி என்றால் நெருப்பு. கலானி வானம், கலேயோ குரல். கைனோவா என்றும் ஒரு பெயர் உண்டு, அதற்குப் பொருளே 'பெயர்' என்பதுதான். எனக்கு மிகவும் பிடித்த ஹவாய்ப் பெயர் அது.

காற்றுக்கு ஹவாய் மொழியில் 'மகானி'. மலைக்கு 'மௌனா' அல்லது 'குவாஹிவி'. இரண்டில் எதுவும் கியானுவில் ஒளிந்திருக்கவில்லை. இந்த 'அனு' ஹவாய்க்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. நியூசிலாந்தின் மவோரி மொழியிலும் அனு என்றால் குளிர்தான். ஹவாய், மவோரி போன்ற பசிபிக் தீவு மொழிகளைப் பாலினீசிய மொழிகள் என்பார்கள். அவற்றில் மற்றவை பலவற்றில் 'த' என்று ஒலிப்பது ஹவாயில் 'க' ஆகிவிடும். அங்கே தபு, இங்கே கபு (இரண்டுக்கும் 'விலக்கப்பட்டது' என்று பொருள்). அங்கே தங்காத்தா, இங்கே கனாகா (இரண்டுக்கும் 'மனிதன்' என்று பொருள்). அதனால் ஹவாய்க்காரர் 'கெ அனு' என்பதை மவோரிக்காரர் 'தெ அனு' என்பார். பல ஆயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டி, நூற்றாண்டுகள் பிரிந்திருந்த பிறகும் குளிருக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

சரி, அப்படியென்றால் மலை எங்கிருந்து வந்தது? அதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட மாட்டேன். ஹவாய் என்றதும் நமக்குக் கடற்கரையும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். அங்கே வாழ்கிறவர்களுக்குக் குளிர் என்றால் மேட்டு நிலம். ஹவாய்த் தீவுகளில் பெரிய தீவில் வைமேயா என்ற ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாட்டுப் பண்ணைகளும் மூடுபனியுமாக இருக்கும், மாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அந்த ஊரின் சில்லென்ற மழைக்கென்றே 'கீபுவுபுவு' என்று தனிப்பெயர் இருக்கிறது. கவாய் தீவின் கோகேயே காடுகளும் அப்படித்தான். மௌனா கேயா சிகரம் 4,207 மீட்டர், குளிர்காலத்தில் அதன் உச்சியில் பனி படியும். ஊருக்கு ஊர், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு காற்றுக்கும் மழைக்கும் தனிப்பெயர் வைத்த மக்கள் அவர்கள். பழைய பாடல்களில் மேட்டு நிலத்தின் குளிர் வந்தால், அதன் பக்கத்தில் பெரும்பாலும் காதலோ ஏக்கமோ நின்றுகொண்டிருக்கும். ஆகவே 'குளிர்ச்சி' என்று கேட்டதும் ஒரு ஹவாய்க்காரர் மனதில் மலைக்காற்று எழுவது இயல்புதான். அந்த உணர்வை யாரோ ஆங்கிலத்தில் விளக்கப்போய், விளக்கமே பொருளாக அச்சாகிவிட்டது என்பது என் ஊகம்.

பெயர்ப் பட்டியல்கள் தவறவிடும் முக்கியமான விஷயம் வேறொன்று. ஹவாய் மரபில் பெயரின் முழுப்பொருள் அகராதியில் கிடைக்காது. பாட்டுக்கும் பெயருக்கும் உள்ளே மறைந்திருக்கும் பொருளை அவர்கள் 'கவோனா' என்பார்கள். பெயரை வைத்தவருக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த பொருள் அது. 'குளிர்ச்சி' என்ற ஒரே பெயரை மூன்று வீடுகளில் வைத்திருந்தால், ஒன்று குழந்தை பிறந்த இரவின் மழையைக் குறிக்கலாம், இன்னொன்று இறந்துபோன தாத்தாவின் ஊரை, மூன்றாவது வெளியாரிடம் சொல்லவே விரும்பாத ஏதோ ஒன்றை. உடன் வேலை பார்த்த ஒருவரிடம் அவர் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டபோது, சொல்லின் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, 'மீதியைச் சொல்ல வேண்டியவர் என் பாட்டி' என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பெயர் எந்த வழியில் வந்தது என்பதை வைத்தே அவர்கள் பெயர்களை வகை பிரித்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் கனவில் குலதெய்வமோ முன்னோரோ வந்து சொன்ன பெயர் 'இனோவா போ', இரவின் பெயர். அதை மறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று நம்பினார்கள். வானிலோ கடலிலோ ஒரு அடையாளம் கண்டு வைப்பது 'இனோவா ஹோவைலோனா'. நடந்த நிகழ்ச்சியை மறக்காமலிருக்க வைக்கும் பெயர்கள் உண்டு. பாட்டன் பூட்டன் பெயர்கள் உண்டு. கெட்ட ஆவிகள் கிட்டே வராமலிருக்க வேண்டுமென்றே இழிவான பெயர் வைக்கும் வழக்கமும் இருந்தது. குழந்தைகள் தங்காத வீடுகளில் நம்மூரில் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்தார்களே, அதே பயம், அதே பாசம்.

மொழி இலக்கணமே இதற்குச் சாட்சி சொல்கிறது. ஹவாய் மொழியில் 'என்னுடைய' என்பதற்கு இரண்டு விதங்கள் உண்டு. நாமாகத் தேடிக்கொண்டவை, உண்டாக்கியவை ஒரு விதம். உடம்பு, பெற்றோர், பிறந்த நிலம் போல நம்மோடு ஒட்டிப் பிறந்தவை இன்னொரு விதம். சொந்தப் பிள்ளையைக்கூட முதல் விதத்தில்தான் சொல்வார்கள். பெயரோ இரண்டாவதில், உடம்போடும் நிலத்தோடும் சேர்ந்து நிற்கும்.

இவ்வளவு மதிப்புள்ள ஒன்றில் சட்டம் கை வைத்த கதையும் இருக்கிறது. 1860-ல், நான்காம் கமேஹமேஹா அரசர் காலத்தில், பெயர்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதுவரை ஹவாய் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். வாழ்க்கையின் நடுவில் அது மாறவும் செய்யலாம். புதிய சட்டப்படி அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக வேண்டும், மனைவி கணவன் பெயரை ஏற்க வேண்டும், குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஜான், மேரி, டேவிட் எல்லாம் முன்னால் வந்து உட்கார, ஹவாய்ப் பெயர் நடுப்பெயராகப் பின்னால் போனது. அந்தக் கிறிஸ்தவப் பெயர்களையும் ஹவாய் நாக்கு தன் வழிக்குத் திருப்பிக்கொண்டது. டேவிட் கவிகா ஆனார், ஜேம்ஸ் கிமோ, மேரி மலியா. இந்தச் சட்டம் 1967 வரை இருந்தது. நடுவில் 1893-ல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டு, 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றும் ஆகிவிட்டது. பல வீடுகளில் மொழியே நின்றுபோன தலைமுறைகளிலும் நடுப்பெயர் மட்டும் நிற்கவில்லை. வீட்டில் யாருக்கும் ஹவாய் மொழி பேச வராது, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹவாய்ப் பெயர் இருக்கும். மொழியின் ஒரு துண்டை அந்த நடுப்பெயர்கள்தான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தன. 1978-ல் ஹவாய் மொழி மீண்டும், இப்போது அமெரிக்க மாநிலமாக இருக்கும் ஹவாயின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகி, 1984-ல் ஹவாய் மொழியிலேயே நடத்தப்படும் மழலையர் பள்ளி தொடங்கிய பிறகு, இந்தப் பெயர்கள் மறுபடியும் முதலிடத்துக்கு வரத் தொடங்கின. பழைய ஹவாய் அரசாட்சியின் சட்டநிலை பற்றி எழுதிவரும் அரசியல் அறிஞர் டேவிட் கியானு சாய் அவர்களின் பெயரைப் பாருங்கள். ஆங்கில முதல் பெயர், நடுவில் ஹவாய்ப் பெயர், பழைய வரிசை அப்படியே இருக்கிறது. அவரை மக்கள் அழைப்பது கியானு சாய் என்றே.

இந்த இடத்தில்தான் நீங்கள் கேள்வி கேட்கக் காரணமான நடிகரிடம் வருகிறேன். கியானு சார்ல்ஸ் ரீவ்ஸ் 1964 செப்டம்பர் 2 அன்று பெய்ரூட்டில் பிறந்தார், வளர்ந்தது பெரும்பாலும் டொரன்டோவில். அம்மா இங்கிலாந்துக்காரர். அப்பா ஹவாயைச் சேர்ந்தவர், ஹவாய்ப் பூர்வகுடி ரத்தமும் சீன ரத்தமும் கலந்த குடும்பம். அப்பா வழி உறவினர் ஒருவரின் பெயர்தான் இவருக்கு வந்தது. சின்ன வயதிலேயே அப்பா பிரிந்து போய்விட்டார். ஆகவே அந்தத் தீவுகளுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் கயிறு இந்தப் பெயர்தான். வழக்கமான வரிசையும் இங்கே தலைகீழ் ஆகியிருக்கிறது. ஹவாய்ப் பெயர் முன்னால், ஆங்கிலப் பெயர் நடுவில். ஹாலிவுட்டுக்குப் போன புதிதில், இந்தப் பெயரோடு வாய்ப்புக் கிடைக்காது, மாற்றிக்கொள் என்று அவருடைய ஏஜென்ட் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் 'கே. சி. ரீவ்ஸ்' என்று போட்டுப் பார்த்து, மனசு ஒப்பாமல் பழைய பெயருக்கே திரும்பியதாக அவரே பேட்டியில் சொன்னார். அன்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், நான் பதில் எழுதியிருக்கவும் மாட்டேன்.

பெயர் பரவியது அவரால்தான், அதில் சந்தேகம் இல்லை. 1994-ல் ஸ்பீட், 1999-ல் மேட்ரிக்ஸ் என்று படங்கள் உலகம் முழுக்க ஓடின. அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களைப் பார்த்தாலே தெரியும். ஆஸ்திரேலியாவுக்காக 2022 உலகக் கோப்பையில் ஆடிய கால்பந்து வீரர் கியானு பக்கஸ் 1998-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். இங்கிலாந்தில் கால்பந்து வீரர் கியானு மார்ஷ் பிரௌன், அமெரிக்கக் கால்பந்தில் கியானு நீல், ஆஸ்திரேலியக் கூடைப்பந்தில் கியானு பிண்டர். ஹவாயிலேயே பிறந்த அலைச்சறுக்கு வீரர் கியானு ஆசிங்கும் உண்டு. ஆனால் அங்கே இது நடிகருக்கு முன்பிருந்தே புழங்கும் பெயர். 2023-ல் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து பூஞ்சைக்கொல்லிச் சேர்மங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குக் 'கியானுமைசின்' என்று பெயர் வைத்தார்கள். நடிகர் கியானு ரீவ்ஸின் பாத்திரங்கள் எதிரிகளைத் தீர்த்துக்கட்டுவதுபோல் அது பூஞ்சையை அழிக்கிறதாம்.

இனி, வைக்கலாமா என்ற கேள்வி. வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தங்கள் சொற்களை ஹோட்டல்களும் விளம்பரங்களும் அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்வது ஹவாய் மக்களுக்கு நியாயமாகவே வலிக்கிறது. அரச குலத்தைக் குறிக்கும் 'அலீயி' போன்ற சொற்கள் கலந்த பெயர்களையும், தெய்வப் பெயர்களையும் நான் என் வீட்டுக் குழந்தைக்கு வைக்க மாட்டேன். அவை ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியவை. கியானு அப்படிப்பட்டதில்லை. குளிர்ச்சி என்பது எல்லாருக்கும் பொதுவான, மென்மையான சொல். பட்டியலைப் பார்த்து இரண்டு ஹவாய்ச் சொற்களை நீங்களாக ஒட்டிப் புதுப்பெயர் உண்டாக்க மட்டும் வேண்டாம், பிழையாகத்தான் முடியும். பெண் குழந்தையாக இருந்தால் கியானா என்று வைக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அது இதன் பெண்பால் வடிவம் இல்லை, டயானா என்ற பெயரின் ஹவாய் உருவம். ஹவாய் மொழியில் ஆண்பால் பெண்பால் விகுதிகளே கிடையாது. 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே கியானு என்பதையே பெண்ணுக்கும் வைக்கலாம், இலக்கணம் தடுக்காது.

பெயர் வைக்கும்போது அதற்கான காரணத்தை, உங்கள் வீட்டுக் காரணத்தை, ஒரு தாளில் எழுதி வையுங்கள். படம் பிடித்தது என்பதாக இருந்தாலும் சரி, குழந்தை பிறந்த அன்று ஊரில் மழை பெய்தது என்பதாக இருந்தாலும் சரி. பெயர் வைக்கும் முறையில் ஹவாய்க்காரர்கள் முக்கியமாக நினைப்பது அதைத்தான்.

கடைசியாக உச்சரிப்பும் எழுத்தும். ஹவாயில் கெ-ஆ-னு என்று மூன்று அசையாகப் பிரித்து, நடுவில் அழுத்தம் கொடுத்துச் சொல்வார்கள். நடிகரின் பெயரை ஆங்கிலத்தில் கீ-ஆ-னு என்கிறார்கள். தமிழில் கியானு என்றே பரவிவிட்டது, நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஹவாய் ஒலிக்குக் கிட்டே வருவது கெயானு. கியானு என்று எழுதினால் இந்தியில் ஞானத்தைக் குறிக்கும் கியான் என்ற சொல்லோடு சேர்த்துப் படிப்பவர்களும் இருப்பார்கள், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் கெயானு என்று எழுதச் சொல்லுங்கள். குறில் எகரம் நம் எழுத்திலேயே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.