கேட்கிற முகத்தைப் பாருங்கோ
(சின்னத்திரை: வாசகர் கேள்வி – பதில்)

மாமியார் ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டிலுள்ள ஏழு பேரின் முகத்தையும் மூன்று தரம் காட்டுகிறார்கள். ஏன் இந்த இழுவை?
– வாசகி, முள்ளியவளை

அரை மணி நேர நாடகத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம் அளவில்தான். அதையும் கிழமையில் ஐந்தாறு நாள் நிரப்பவேண்டும். வசனக் காட்சி என்றால் பாடமாக்க வேண்டும், பிழைத்தால் திரும்ப எடுக்கவேண்டும். முகத்துக்கு அந்தக் கரைச்சல் இல்லை. விளக்கை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதிர்ச்சி, கோபம், கவலை என்று மூன்று முகம் எடுத்து வைத்தால், தொகுப்பவர் நிமிடம் குறைகிற இடமெல்லாம் அதைச் செருகிவிடுவார்.

தனித்தனியே எடுப்பதால் பார்வை பிசகும். மாமி கதிரையில் இருப்பார், மருமகனோ நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்து அதிர்வார். இன்று இரவே கவனியுங்கள், ஒன்றாவது அகப்படும்.

நடிப்பை அளக்க ஒரு வழி உண்டு. பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவரைப் பாருங்கள். சொல் விழ முன்னமே முகம் மாறினால் அவர் கேட்கவில்லை, தன்ர முறைக்குக் காத்து நிற்கிறார். ஒரு குசினிக் காட்சியை நினையுங்கள். மருமகள் தேங்காய் திருவுகிறாள். "கொண்ணன் போன் எடுத்தவனோ?" என்று மாமி சும்மா கேட்கிறார். திருவலையில் கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு முன்னையிலும் விரைவாகத் திருவுகிறது. முகத்தில் ஒன்றுமே இல்லை. அண்ணன் போன் எடுத்ததும், அதை அவள் மறைப்பதும் அந்தக் கையிலேயே வந்துவிட்டது. இதற்கு மூன்று தரம் இடி முழக்கத் தேவையில்லை.

இவ்வளவு நேரம் எப்படி அழுகிறார்கள்? கிளிசரின் என்கிறார்களே, பள்ளி நாடகத்துக்குப் பாவிக்கலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

கிளிசரின் நீரை இழுக்கும் தன்மையுள்ளது. கண்ணோரம் பட்டதும் கண் எரிந்து நீர் விடும். இமைக்குக் கீழே, வெளிமூலைப் பக்கமாக, பஞ்சுக்குச்சியால் ஒரு பொட்டு தொட்டு வைப்பார்கள். கண்ணுக்குள் ஊற்றுவதில்லை. மென்தோல் (menthol, தைலத்தில் குளிர்ச்சி தருகிற பொருள்) கலந்த குச்சியைக் கண்ணுக்குக் கீழே பூசுவது மற்ற வழி. அந்த ஆவியிலேயே கண் கலங்கும்.

பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டாம். வீட்டிலிருக்கிற தைலத்தைப் பூசிவிட்டுக் கையால் கண்ணைக் கசக்கினால் நாடகம் அத்தோடு முடிந்தது. மேடையில் ஐந்தாம் வரிசைக்குக் கண்ணீர் தெரியவும் மாட்டாது. தெரிவது தோளும் மூச்சும்தான். வசனத்தின் நடுவில், வினைச்சொல்லுக்கு முன் மூச்சை அறுக்கப் பழக்குங்கள்: "அம்மா என்னை… விட்டிட்டுப் போட்டா." அழுகையை அடக்கப் பார்க்கிற பிள்ளைதான் சபையை அழவைக்கும்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி முழுச் சொத்தையும் எழுதி எடுக்கிறார்கள். எங்கள் பக்கம் இது நடக்குமா?
– வாசகர், வட்டக்கச்சி

நடக்காது. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியில் ஒப்பமிட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டிலும் பதிவு அலுவலகம் போகாமல் வீடு விற்கேலாது. அந்தக் காட்சி அங்கேயும் பொய்தான். (அதற்காக வெற்றுத்தாளில் ஒப்பம் வைத்துவிடாதேங்கோ. கடன் பட்டதாக எழுதிக்கொள்ள அது போதும்.)

வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் சண்டை வேறு இடத்தில் கிடக்கிறது. பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. அனுமதி பெற்றவர் தனக்குப் பின் யார் என்று பின்னுரித்தாளரை நியமித்துப் பதியலாம், உயிரோடு இருக்கும்போதே அதை மாற்றவும் செய்யலாம். அவர் இறந்தபின் மனைவி ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம்.

கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாவைப் பராமரித்தது இளையவள். பெயர் பதிந்திருப்பது வெளிநாட்டில் இருக்கிற மூத்தவனுக்கு. அம்மாவுக்கு அது தெரியும், இளையவளுக்குத் தெரியாது. ஒருவரும் கெட்டவரில்லை. யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியவரும் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினால் பத்துக் காட்சி தானாக வரும். விஷம் கலந்த பாயாசம் தேவைப்படாது.

'எதிர்நீச்சல்' குணசேகரன் மாறியபிறகு பழைய பயம் வரவில்லையே. புது நடிகர் குறைவா?
– வாசகி, மாங்குளம்

குறைவில்லை. வீட்டை மிரட்டி ஆள்கிற அண்ணன் குணசேகரனாக முதலில் நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி, அந்த நாடகத்துக்குக் குரல் கொடுக்கப்போன இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். பிறகு வந்த எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வேறு வார்ப்பு. மாரிமுத்து நக்கலாகத் தொடங்கி, குரலை இழுத்து, சட்டென்று வெட்டுவார். வேல ராமமூர்த்தியிடம் இருப்பது கனம். அவர் நின்றாலே போதும். ஆனால் தம்பிமாரும் மருமகள்களும் பழைய வேகத்துக்கே வெருண்டு பழகியவர்கள். பயம் பாதி அவர்களின் முகத்திலிருந்துதான் வந்தது. புதுக் குரலுக்கு அந்த முகங்கள் பழகவும் நாள் எடுக்கும்தானே.

தமிழ்த்தினப் போட்டி நாடகத்தில் தகப்பன் மகனை அறையவேண்டும். நோகாமல் எப்படி?
– ஆசிரியை, துணுக்காய்

அடிபடுகிறவர் சபைக்கு முக்கால் முதுகு காட்டி நிற்கட்டும். அடிக்கிறவரின் முகம் சபைக்குத் தெரியவேண்டும். கைக்கும் கன்னத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. முதலில் இருவரும் கண்ணைப் பார்த்துக்கொள்ளவேண்டும், அதுதான் சைகை. கை கன்னத்தைக் கடக்கிற அதே கணத்தில் தலை திரும்பவேண்டும். சத்தத்தை அடிபடுகிறவரே தன் நெஞ்சுக்கு நேரே கைதட்டி எழுப்பலாம். முதுகு மறைத்துவிடும். பிறகு அந்தக் கை கன்னத்துக்குப் போகட்டும்.

தலை முந்தித் திரும்பினால் சபை சிரித்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் விடுகிற பிழை இது. முதலில் எட்டுக்கு எண்ணி மெதுவாக, பிறகு நாலுக்கு, கடைசியில் எண்ணாமல். இருபது தரமாவது பழக்குங்கள். அறை விழுந்தபின் இரண்டு மூச்சு ஒருவரும் அசையக்கூடாது. வசனத்தை உடனே தொடங்கினால் அடி வீண்.

கைத்தொலைபேசியில் குறும் நாடகம் எடுக்கிறோம். குரல் தூரத்தில் கேட்கிறது.
– வாசகர், நெளுக்குளம்

இன்னொரு போனைப் பறப்பு நிலையில் போட்டு, ஒலிப்பதிவைத் தொடக்கி, பேசுகிறவரின் சட்டைப்பைக்குள் வையுங்கள். தொடக்கத்தில் கமராவுக்கு முன்னால் ஒருதரம் கை தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்தலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் எடுக்காதேங்கோ. மயில் கத்தினால் காத்திருங்கள், வேறு வழியில்லை.