வேலை கிடைத்த பிறகும் என்ன பரீட்சை?

அம்மா, உங்கள் பெண் வங்கியில் பி.ஓ., அதாவது தகுதிகாண் அதிகாரி, ஆகி எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்கிற வங்கி ஊழியர்களுக்கான தேர்வு, பயிற்சி வகுப்பு, ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியில் ஏதோ டெஸ்ட் என்று அலுத்துக்கொள்கிறாள், "வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கி வேலையில் படிப்பு முடிவதில்லை.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். 20 லட்சம் ரூபாய் கடன், அடமானமாகக் கடையோ வீடோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைய விதிப்படி குறைந்தது 15 சதவீதம், அதாவது 3 லட்சத்தை வங்கி தன் லாபத்திலிருந்து எடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் கடனின் வட்டியையும் கைக்கு வந்த பிறகுதான் வருமானமாகக் காட்ட முடியும். ஆனால் இது திடீரென்று நடப்பதில்லை. தவணை 30 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1, 60 தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2 என்று, தனிக் கவனம் வேண்டிய கணக்குகளின் பட்டியல் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு போன் போட்டுக் கடமையை முடித்துக்கொள்கிற அதிகாரியும் உண்டு, கடைக்காரரின் கணக்கில் வரவு குறைவதை முன்பே கவனித்து நேரில் போய் உட்கார்ந்து பேசுகிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், கிளையின் லாபம்தான் வேறு. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிவதெல்லாம் இங்கேதான் காசாகிறது. ரிசர்வ் வங்கியே 2016ல், கடன், இடர் மேலாண்மை, கருவூலம் (வங்கியின் பணத்தை முதலீடு செய்கிற பிரிவு), கணக்கு ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் படிப்பு வேண்டும் என்று வங்கிகளிடம் சொல்லிவிட்டது.

எல்லாப் பயிற்சியும் உருப்படி என்று சொல்லமாட்டேன். பார்க்காமலே அடுத்து, அடுத்து என்று தட்டி முடிக்கிற ஆன்லைன் பாடங்கள் நிறைய, அதனால் யாருக்கும் பத்து பைசா லாபமில்லை. அப்புறம், வகுப்பில் கற்றதை ஆறு மாதம் தொடாமல் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் மறந்துபோகும். அதனால் மேலாளரிடம் கேட்டுக் கடன் பிரிவில் உட்காரச் சொல்லுங்கள், பொறுப்புக்குப் பயந்து பலர் நழுவுகிற இடம் அது.

ஜே.ஏ.ஐ.ஐ.பி.யில் நான்கே தாள், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, தேறினால் இன்கிரிமென்டும் உண்டு. கிளைப் பொறுப்பு தலைக்கு மேல் ஏறுவதற்குள் முடித்துவிடட்டும். தேர்வு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் கல்யாணம், காதுகுத்து என்று அவளைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.