பாறையில் சிக்கும் ஜிக்: முதலில் வால் முள்ளைக் கழற்றுங்கள்

கேள்வி: முட்டம் பாறைகளிலும் குளச்சல் பக்கத்தில் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளிலும் ராடு வைத்து மீன் பிடிக்கிறேன். பெரும்பாலும் 40 கிராம் ஜிக், அதாவது ஈயத்தில் வார்த்த பொய்யிரைதான் எறிவேன். அடிக்கடி கல்லிடுக்கில் சிக்கி அறுந்துபோகிறது. பாரை மீன் கடித்தாலும் பாதி வழியில் உதறிவிட்டுப் போய்விடுகிறது. கடையில் வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஈயத்தை உருக்கி வீட்டிலேயே ஊற்றலாமா? மணக்குடிக் காயலில் கொடுவாவுக்குப் போடும் மின்னோவில் (சின்ன மீன் வடிவப் பொய்யிரை) முள்ளை மாற்றினேன். அதன்பிறகு அது சரியாக நீந்தவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ஈயம் உருக்குவதைப் பிறகு பார்ப்போம். உங்கள் ஜிக் அறுந்துபோவதற்கும் பாரை உதறிக்கொண்டு போவதற்கும் காரணம் ஒன்றுதான். தூண்டில் முள் இருக்கும் இடம் சரியில்லை. எவ்வளவு அழகாக வார்த்த ஜிக்காக இருந்தாலும், வாலில் மும்முள்ளைத் தொங்கவிட்டால் அதுவும் அதே கல்லிடுக்குக்குத்தான் போய்ச் சேரும்.

தூண்டில் நரம்பை இழுக்கும்போது ஜிக்கின் தலை மேலே எழுகிறது, வால் கீழே தொங்குகிறது. அப்போது கல்லை உரசிக்கொண்டு வருவது வால்தான். அங்கே மூன்று முனை இருந்தால் ஏதாவது ஒன்று இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே பாறையில் நின்று எறியும் ஜிக்கில் வால் முள்ளைக் கழற்றிவிடுங்கள். தலைப்பக்கம் மட்டும் ஒற்றை முள்ளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இதைத்தான் அசிஸ்ட் முள் என்கிறார்கள். வாலில் முள் இல்லாவிட்டால் மீன் தப்பிவிடுமே என்று பயப்பட வேண்டாம். பாரை பெரும்பாலும் ஜிக் தளர்ந்து இறங்கும் நேரத்தில் தலைப்பக்கம்தான் பாயும். வாலை வெட்டும் பழக்கம் நெய்மீனுக்கும் ஊளிக்கும் உண்டு. அவற்றைக் குறிவைத்து வள்ளத்தில் போகும்போது வாலில் ஒரு ஒற்றை முள்ளைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே கல் தொந்தரவு குறைவு.

மீன் உதறுவதற்கு வருவோம். முள் நேராக ஜிக்கில் மாட்டியிருந்தால், பாரை தலையை ஆட்டும்போது அந்த 40 கிராமும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டமே முள்ளை நெம்பி வாயிலிருந்து எடுத்துவிடும். கயிற்றில் தொங்கும் முள்ளுக்கு இந்த நெம்பல் போய்ச் சேராது. ஜிக் தனியாக ஆடும், முள் வாயிலேயே இருக்கும்.

அசிஸ்ட் முள்ளை நீங்களே கட்டுவது எளிது. 100 பவுண்டுக்குக் குறையாத இழுப்பைத் தாங்கும் பின்னல் கயிறு, தடித்த ஒற்றை முள், பழைய பிரெய்டு நரம்பு, உடனே ஒட்டும் பசை, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் இவ்வளவு போதும். கயிற்றை இரண்டாக மடித்து, இரண்டு நுனிகளையும் முள்ளின் காது வழியாக விட்டுத் தண்டோடு படியவையுங்கள். அதன்மேல் பிரெய்டு நரம்பை நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள். சுற்றின்மேல் மட்டும் பசை வையுங்கள். பசை கயிற்றுக்குள் ஊறினால் கயிறு விறைத்து, மடங்கும் இடத்தில் முறிந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பசை காய்ந்ததும் குழாயைச் செருகி லைட்டர் சூடு காட்டுங்கள். சுடரைக் கயிற்றில் படவிடாதீர்கள். தொங்கும் முள் ஜிக்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் ஜிக்கையே சுற்றிக்கொள்ளும். முள்ளின் வாய் அகலம் ஜிக்கின் உடம்பைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். இல்லையென்றால் முனை ஈயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், மீன் வாயில் ஏறாது.

அடுத்தது வளையங்கள். இதை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். அசிஸ்ட் கயிற்றின் மடிப்பை இணைப்பில்லாத சாலிட் ரிங்கில் மாட்டுங்கள். லீடரையும், அதாவது நரம்பின் நுனியில் சேர்க்கும் துண்டு நரம்பையும், அதே சாலிட் ரிங்கில் கட்டுங்கள். ஜிக்கை மட்டும் சாவிக்கொத்து வளையம் மாதிரியான ஒரு ஸ்பிளிட் ரிங் வழியாக அந்த வளையத்தில் தொங்கவிடுங்கள். இப்படிச் செய்தால் மீனின் இழுப்பு முள்ளிலிருந்து கயிறு, சாலிட் ரிங், லீடர் என்று நேராகப் போகும். ஸ்பிளிட் ரிங் ஜிக்கின் எடையை மட்டும் தாங்கும். லீடரை ஸ்பிளிட் ரிங்கில் கட்டினால் அதன் வெட்டு விளிம்பு நாளடைவில் முடிச்சை அறுக்கும். பெரிய மீன் இழுத்தால் வளையமே விரியும். கடையில் வாங்கிய ஜிக்கானாலும் முதல் வேலையாக இந்த இணைப்பைப் பிரித்து மாட்டுங்கள். பெயின்டுக்குச் செலவழிக்கும் காசை வளையத்துக்கும் முள்ளுக்கும் செலவழியுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

இவ்வளவும் செய்த பிறகும் சில ஜிக் சிக்கத்தான் செய்யும். அதை எடுக்கக் கீழ்ப்பாறைக்கு இறங்காதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது கள்ளக்கடல் நேரத்தில்தான். தூரத்துக் கடலில் கிளம்பிய அலை காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை வந்த நாளில் ராடு வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி மணக்குடி மின்னோ. மிதக்கும் மின்னோ, முள்ளின் எடையையும் கணக்கில் சேர்த்துச் செய்யப்படுவது. மும்முள்ளை எடுத்துவிட்டு இலேசான ஒற்றை முள்ளைப் போட்டால் வயிறு எடை குறைந்து, வேகமாக இழுக்கும்போது பக்கவாட்டில் கவிழும். கழற்றிய முள்ளையும் புதிய முள்ளையும் நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். புதியது குறைவாக இருந்தால் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றி ஈடுகட்டுங்கள். ஒற்றை முள்ளின் காது, தண்டுக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும் வகையாக வாங்குங்கள். சாதாரண முள் சாய்ந்துதான் நிற்கும். முன்முள்ளும் பின்முள்ளும் ஒன்றையொன்று தொடாத அளவைப் பாருங்கள். சோதனையை வீட்டு வாளித் தண்ணீரில் செய்து ஏமாறாதீர்கள். கடல்நீர் நல்லதண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். வாளியில் அந்தரத்தில் நிற்கும் மின்னோ கடலில் மிதக்கும். பழையாற்றில் மழைவெள்ளம் இறங்கும் நாட்களில் காயலின் உப்பு குறைந்து, அதே மின்னோ கொஞ்சம் தாழ்ந்து ஓடும். எறியப்போகும் தண்ணீரிலேயே காலடியில் விட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்வதானால் ஈயத்துக்கு முன்னால் எவர்சில்வர் கரண்டியில் கைபழகுங்கள். பழைய கரண்டியின் காம்பை வெட்டி, குழிந்த பகுதியின் இரு முனையிலும் துளையிட்டு, விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்குங்கள். எஃகில் துளைபோடும்போது டிரில் மெதுவாக ஓடட்டும், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அகன்ற பக்கம் வாலாக வரும்படி மாட்டினால் ஆட்டம் நன்றாக வரும். எஃகு ஈயத்தைவிட இலேசு என்பதால் மெதுவாகத் தளும்பி இறங்கும். ஆழம் குறைந்த கரைக்கு அது நல்லதுதான். எதிர்காற்றில் தூரம் போகாது, அவ்வளவுதான் குறை.

ஈயம் வார்த்தே தீருவேன் என்றால், வீட்டுக்குள்ளும் சமையலறையிலும் கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் புகையும் தூசியும் உடம்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். திறந்த வெளியில், அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில், கண்ணாடி, கையுறை, மூடிய செருப்போடு செய்யுங்கள். வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வலைக்குக் கட்டும் பழைய ஈயக்குண்டு போதும். பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம்; அதில் அமிலமும் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் கலந்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஈரம். அச்சில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, பிறகு மெல்லிய சூட்டில் வாட்டியபின்தான் ஊற்ற வேண்டும்.

எடையை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. பிள்ளைகள் விளையாடும் மெழுகுக்களிமண்ணில் மாதிரியைப் பிடித்து, டம்ளரில் கோடுவரை நிரப்பிய தண்ணீரில் போடுங்கள். கோட்டுக்கு மேல் ஏறிய தண்ணீரை ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து, மில்லியை 11.3 ஆல் பெருக்கினால் ஈயத்தின் கிராம் கிடைக்கும். மூன்றரை மில்லி வந்தால் உங்கள் 40 கிராம் ஜிக். தலைமுதல் வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை நடுவில் ஓடவிட்டு, இரு முனையிலும் வளையம் திருகி வையுங்கள். ஈயம் மெத்தென்றது, இழுப்பைத் தாங்காது, கம்பிதான் தாங்கும். வால் கனத்தால் தூரம் பறந்து விரைந்து இறங்கும். நடுவில் கனத்தால் இலைபோல் அசைந்து இறங்கும். முட்டத்தின் எதிர்காற்றுக்கு முதல் வகையை வார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தண்ணீருக்குள் முதலில் மங்குவது சிவப்பு. வெள்ளிப் பளபளப்பும் தெளிவான கண்ணும் போதும். ஒட்டும் மினுமினுப்புத் தாளின்மேல் இரண்டு பூச்சு எபாக்சி கொடுங்கள். ஓட்டத்தூண்டில் போடும் மீனவர்கள் முள்ளில் பளபளக்கும் நூலிழை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழையில் நாலைந்தை அசிஸ்ட் முள்ளின் தண்டில் சேர்த்துக் கட்டுங்கள். நெத்திலி ஓடும் நாட்களில் பெயின்டைவிட அது நன்றாக வேலை செய்யும்.